மும்பைக்குப் போய்த் திரும்பும் சங்கு

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டே சிவகாசியைச் சுற்றி வந்த என் காளிராஜ் அண்ணனுக்கு,

நீ போய் மூன்று தீபாவளி முடிந்துவிட்டது. வீட்டுச் சேதியெல்லாம் மதினி தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடுகிறார். குழாயில் தண்ணீர் வராதது வரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். தொழில் சேதி சொல்லத்தான் ஆள் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

நம் கடை அப்படியேதான் இருக்கிறது. 'கம்ப்யூட்டர் நெட்வொர்க் அமைத்துத் தரப்படும்' என்ற போர்டில் உன் போன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. நீ கம்பி இழுப்பாய், நான் உட்கார்ந்து கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் கட்டளை எழுதுவேன் என்பதுதானே நம் ஏற்பாடு? இப்போது கம்பி இழுக்கக் கூலிக்கு ஆள் கூப்பிடுகிறேன். உன்னைப் போல் சுவரோடு சுவராக இழுப்பதில்லை, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டுப் போகிறார்கள். அதைக்கூட இப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சர்வர் ரூம் செத்துவிட்டது, அண்ணே. செத்ததெல்லாம் நீ இருக்கும் இடத்துக்குத்தான் வரும் என்றால், இந்நேரம் உன்னிடம் ஏழெட்டு சர்வராவது வந்து சேர்ந்திருக்க வேண்டும். நாம் முதன்முதலாக வேலை செய்த காலண்டர் பிரஸ் நினைவிருக்கிறதா? அந்தக் கட்டடத்திலேயே ஏசி உள்ள ஒரே அறை சர்வர் ரூம்தான் என்பதால் முதலாளி மத்தியானம் அங்கேதான் படுப்பார். சர்வர் சூடானாலும் அவர் எழுந்த பிறகுதான் நீ உள்ளே போக முடியும். இப்போது அந்த அறையில் விற்காத தினசரி காலண்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏசியை முதலாளி வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த சர்வரில் இருந்ததெல்லாம் மும்பைக்குப் போய்விட்டது. சில கம்பெனிக்குச் சென்னை. எந்தக் கட்டடம் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்படுவதும் இல்லை. கிளவுட் என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். மேகம் வந்தால் வேலை நிற்கும் ஊரில் மேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லி வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று நீயே யோசித்துக்கொள்.

ஆனால் நெட்வொர்க் தலைகீழாக மாறியது அதனால்தான். நம் காலத்தில் போக்குவரத்தில் முக்கால்வாசி கட்டடத்துக்குள்ளேயே நடந்தது. டிசைன் போடுகிறவர் கோப்பைக் கேட்பார், பக்கத்து அறை சர்வர் கொடுக்கும். வெளியே போகிற இணைப்பு மெயில் பார்க்க மட்டும்தான். அது நாள் முழுக்கச் செத்துக் கிடந்தாலும் பிரஸ் ஓடும். இப்போது பக்கத்து மேஜைக்காரருக்கு ஒரு படம் அனுப்பினாலும் அது மும்பைக்குப் போய்த்தான் திரும்புகிறது. உள்கம்பி சும்மா இருக்கிறது. வெளியே போகும் ஒற்றைக் கம்பியில்தான் உயிர் இருக்கிறது. ரோட்டோரம் ஜேசிபி ஒரு கை மண் அள்ளினால் போதும், பத்து கம்பெனியில் எல்லோரும் டீ குடிக்க வெளியே வந்துவிடுகிறார்கள்.

நானும் இப்போது ஊர் ஊராக அலைவதில்லை. முன்பெல்லாம் ஒரு சுவிட்சில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் உன் பைக்கின் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து சாத்தூர் வரை போவோம். இப்போது கடையில் உட்கார்ந்து ஒரு திரையில் மாற்றினால் முப்பது கம்பெனியிலும் மாறிவிடுகிறது. தப்பாக மாற்றினால் முப்பதிலும் தப்பாகிறது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்று. இப்போது பேசாத பொருளே இல்லை. லோடு ஏற்றிய லாரி தான் எங்கே நிற்கிறது என்று நொடிக்கு நொடி சொல்கிறது. எடை மேடை சொல்கிறது, கேமரா சொல்கிறது, கரண்ட் மீட்டர்கூடச் சொல்கிறது. முன்பு சாயங்காலம் ஆபீஸில் ஒரு தடவை கூட்டிப் பார்த்ததெல்லாம் இன்றைக்கு ஓயாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இத்தனையையும் ஒரு இயந்திரத்தில் அடைக்க முடியாது. அதனால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று நகல் எடுத்து, நூறு இயந்திரங்களில் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றவை ஓடும். பட்டாசு ஆலையில் ஒரே கொட்டகையில் எல்லா மருந்தையும் எல்லா ஆட்களையும் வைக்காமல் சின்னச் சின்ன அறையாகத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறோமே, அதே யோசனைதான்.

அப்படிப் பிரித்து வைத்ததால் நாம் ஒரு கேள்வி கேட்டால் அந்த நூறும் தங்களுக்குள் பேசித்தான் பதில் சொல்ல முடிகிறது. நம்மோடு பேசுவதைவிட அவை தங்களுக்குள் பேசுவதுதான் அதிகம். அதற்காக அங்கே கம்பி இழுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். கீழே உள்ள ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் மேலே உள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியாகக் கம்பி. ஒரு பயிற்சி வகுப்பில் படம் காட்டினார்கள். நீ பார்த்திருந்தால் டீ ஆறுவது தெரியாமல் நின்றிருப்பாய்.

சரி, பாடம் போதும். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டி வந்ததே மதினி விஷயத்தில்தான்.

நீ போன பிறகு மதினி மறுபடியும் பட்டாசு வேலைக்குப் போகிறார். எம். புதுப்பட்டிப் பக்கத்து ஆலை. கடையில் வந்து உட்காருங்கள், பில் போடுங்கள் என்று நான் கூப்பிட்டேன். "அந்தக் கடையில ஒங்கண்ணன் நாற்காலியப் பாத்துக்கிட்டு என்னால ஒக்கார முடியாதுத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மருந்து நிரப்பும் அறையில்தான் வேலை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் கேட்கிற ஆளா அவர்?

அந்த ஆலையில்தான் இடி எச்சரிக்கைச் சங்கு வைத்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி செய்து தருகிறது. காற்றில் மின்னேற்றம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியை கேட் பக்கம் ஒரு கம்பத்தில் மாட்டுவார்கள். தாயில்பட்டி, அச்சங்குளம் என்று ஆலைக்கு ஆலை இப்படிக் கம்பம். எல்லாக் கம்பத்தின் அளவும் மும்பைக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இடி எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த ஆலையை நோக்கி வருகிறது என்று கணக்குப் போட்டு, அந்த ஆலைக்கு மட்டும் சேதி அனுப்பும். சேதி வந்ததும் கேட்டில் உள்ள சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு இடிதாங்கி உள்ள கேண்டீன் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும். ஆலைக்கு இணைப்பும் ரௌட்டரும் நான் போட்டுக் கொடுத்தேன்.

நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் ஃபோர்மேன் சீனி அண்ணாச்சி மேகம் கறுத்தால் ஒரு சத்தம் போடுவார், அறை அறையாக எல்லோரும் வெளியே வருவார்கள். பாதி நாள் இடியே இருக்காது, வேலை போனதுதான் மிச்சம். சங்கு வந்த பிறகு வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஊதியது. சித்திரை வெயிலில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே ஊதும், கொஞ்ச நேரத்தில் மேற்கே இருந்து இடி வந்து நிற்கும். பெண்கள் நம்பினார்கள். அண்ணாச்சியும் நம்பினார். சத்தம் போடுவதை விட்டுவிட்டார்.

இன்னொரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. மேகம் கறுத்தால் மெயின் சுவிட்சை அமத்துவது. வெளியிலிருந்து வரும் கம்பி வழியாக மின்னல் உள்ளே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக ஆலை முழுக்கக் கரண்ட்டை நிறுத்திவிடுவார். யு.பி.எஸ். கத்தினால் அதையும் நிறுத்துவார். இதுவும் நல்ல பழக்கம்தான், அண்ணே. இதை யார் குறை சொல்ல முடியும்?

கரண்ட் நின்றால் என் ரௌட்டரும் நிற்கும். ரௌட்டர் நின்றால் மும்பையிலிருந்து சேதி வராது. சேதி வராவிட்டால் சங்கு ஊதாது. சங்குக்கு பேட்டரி இருந்தது, ஊது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இரண்டு நல்ல ஏற்பாடுகள் இப்படி முட்டிக்கொள்ளும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை சங்கு எப்போதும் மேகத்துக்கு முன்னால் ஊதியதால் வெளியே தெரியவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் மேகம் முந்திக்கொண்டது. சீசன் உச்சம், எல்லா அறையிலும் ஆள். நான் கடையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஆலையும் பச்சைப் புள்ளியாக இருக்க, புதுப்பட்டி மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. இணைப்பு இல்லை என்று அர்த்தம். கரண்ட் போயிருக்கும், வரும் என்று விட்டிருப்பேன். ஆனால் பக்கத்திலேயே சிவப்பில் ஒரு வரி வந்தது. 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது.' அதற்குக் கீழே 'சேர்ந்தது' என்று வர வேண்டும். வரவே இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் போன் ஆபீஸ் மேஜைக்குள் இருக்கும், எடுக்க ஆள் இல்லை. ஆபீஸ் போனும் கரண்ட்டோடு போய்விட்டது. ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாட்ச்மேன் பெருமாள் அந்தக் கூடையைத் தொட மாட்டார். தொட்டால் நாளைக்கு ஒரு போன் காணவில்லை என்றால் அவர் தலைதான் உருளும்.

நான் மதினி போனுக்கு அடித்தேன். கூடைக்குள் அது அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தேன். திரும்பவும் அடித்தேன். அண்ணே, நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு மணிக்கும் 'எடுங்க, எடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெருமாள் எடுத்தார்.

"யாரும்மா நீ? சும்மா அடிச்சிக்கிட்டே இருக்க? போனத் தொடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்காக."

"பெருமாள் அண்ணாச்சி, நான் மாரி, நெட்வொர்க் பாக்குற புள்ள. எல்லாரையும் கேண்டீனுக்கு வரச் சொல்லுங்க. ஒடனே. இடி வருது."

"சங்கு ஊதலையேம்மா."

"ஊதாது. மெயின அமத்திட்டீகள்ல? சேதி வரல. ஊதவே ஊதாது. நீங்க மணிய அடிங்க."

போனைக் கூடையில் போட்டுவிட்டு ஓடினார். பழைய தண்டவாளத் துண்டு கேட்டில் தொங்குகிறதே, அதை அடிக்கிற சத்தம் கூடைக்குள்ளிருந்து எனக்குக் கேட்டது. பிறகு ஆட்கள் ஓடி வருகிற சத்தம். பிறகு ஒரு இடி. அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமரத்தில் விழுந்திருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆலை முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மதினி இருந்த அறை அந்தச் சுவரை ஒட்டிய வரிசையில்தான் இருக்கிறது. இதை நான் இதுவரை அவரிடம் பேசவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன?

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மதினி போனை என் முன்னால் வைத்தார். "மிஸ்டு கால் பூராம் ஒம் பேருதான். சார்ஜ் அம்புட்டும் போச்சு. சாப்பிட்டியா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சாப்பாடு போட்டார், சாப்பிட்டேன்.

மறுநாள் ஆலையில் பஞ்சாயத்து. சென்னைக் கம்பெனியின் பொறியாளர் அம்மா வீடியோவில் வந்தார். நல்லவர்தான். "மெயினை ஆஃப் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க மேடம், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டார்.

"மேகம் கறுத்தா மெயின அமத்தணும். இதுல பேச்சுக்கே எடமில்ல. வேணும்னா அந்தச் சங்கக் கழட்டிட்டுப் போகச் சொல்லு."

முதலாளியும் கழற்றிவிடலாம் என்றார். கழற்றினால் மறுபடியும் பழைய கதைதான். அண்ணாச்சி கண்ணால் பார்த்துச் சத்தம் போட வேண்டும். அவர் வராத நாளில் யார் பார்ப்பது? சங்கு இருக்கிறது என்று நம்பியும் கெட்டோம், சங்கே இல்லாமலும் விட முடியாது. எனக்கு இதில் நியாயம் பேச விருப்பமில்லை. அந்த அறையில் மதினி உட்கார்ந்திருக்கிறார். அது ஒன்றுதான் எனக்குக் கணக்கு.

நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "முடிவை மும்பையில் எடுக்காதீர்கள். கம்பத்திலேயே எடுங்கள்." கருவி, சங்கு, இரண்டுக்கும் நடுவில் யோசிக்கும் ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் ஒரே கம்பத்தில். ஒரு சூரியத் தகடும் பேட்டரியும். ஆலையின் கரண்ட்டோடு ஒட்டும் கூடாது, உறவும் கூடாது. மும்பையிலிருந்து சேதி வந்தால் அதைக் கேட்கட்டும். வராவிட்டால் தன் கருவி காட்டுவதை வைத்துத் தானே ஊதட்டும். வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு பெட்டியை அவர்கள் ஏற்கனவே செய்து வைத்திருந்தார்கள். எட்ஜ், அதாவது ஓரம், என்று பேர். யாரும் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லையாம்.

இப்போது வெளியுலகத்திலும் இதே சேதிதான், அண்ணே. எல்லாவற்றையும் தூரத்துக்கு அனுப்பியவர்கள் அவசரமான முடிவுகளை மட்டும் திரும்பப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மும்பையின் வேலை முடிந்துவிடவில்லை. எல்லாக் கம்பத்தின் அளவையும் சேர்த்து வைத்து, எந்த அளவுக்கு மேல் போனால் இடி விழுகிறது என்று கற்றுக்கொண்டு, அந்தக் கணக்கை அவ்வப்போது கம்பங்களுக்கு இறக்கி அனுப்புகிறது. ஒரு கம்பம் தனியாக நின்று அதைக் கற்றுக்கொள்ள முடியாது. ஊதுவதை மட்டும் யாரையும் கேட்காமல் ஊதும்.

அண்ணாச்சி கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி வந்தார். "வெளிய இருந்து கம்பி வருதா?" என்று கேட்டார். இல்லை, ரௌட்டரோடு பேசுவதுகூடக் காற்று வழியாகத்தான் என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டார். நானே ஏணி வைத்து ஏறித்தான் அந்தப் பெட்டியை மாட்டினேன். கீழே பிடித்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் ஒரு கையால் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டேதான் மாட்டினேன். நீ எப்படி ஒரு கையில் கம்பியும் வாயில் திருகாணியுமாக மேலே நின்று என்னோடு சண்டையும் போட்டாய்?

தனியாக முடிவெடுக்கும் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. தூரத்து ஆலைகளின் அளவு அதன் கையில் இல்லாதபோது எந்தப் பக்கம் இடி நகர்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் சந்தேகம் வந்தாலே ஊதும்படி அளவைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். வீணாகவும் ஊதும்.

போன வாரம் அப்படித்தான் ஊதிவிட்டது. மேகம் கூடியது, அண்ணாச்சி மெயினை அமத்தினார், என் திரையில் புள்ளி சாம்பலானது. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் போடவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்த பிறகுதான் திரையில் தெரிந்தது, பெட்டி தானே முடிவெடுத்து ஊதியிருக்கிறது. எல்லோரும் கேண்டீனுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் இடியும் விழவில்லை, ஒரு சொட்டு மழையும் இல்லை. மேகம் கலைந்து பளிச்சென்று வெயில் அடித்திருக்கிறது. அதற்குள் மத்தியான வேலை முழுக்கப் போய்விட்டது.

வேலை விட்டுக் கேட்டில் போனை எடுத்த கையோடு மதினி எனக்குத்தான் முதலில் அடித்தார்.

"ஏ மாரி! மழையுமில்ல, மின்னலுமில்ல, அந்தச் சங்கு என்னத்துக்குக் கத்துச்சு? சீசன் நேரத்துல கேண்டீன்ல ஒக்காந்து ஈ ஓட்டிட்டு வர்றோம். அம்புட்டு பேரும் என்னயப் பாத்து, ஒன் நாத்தனா மாட்டுன சங்குதானன்னு கேக்குறாளுக. எனக்கு மூஞ்சி எங்கன வைக்கிறதுன்னு தெரியல. படிச்ச புள்ளதான நீயி? ஒரு பெட்டிய ஒழுங்கா மாட்டத் தெரியாதா?"

இடையில் பஸ் வந்தது. ஏறிக்கொண்டே திட்டினார், சீட்டு எடுத்துக்கொண்டே திட்டினார். உட்கார இடம் கிடைத்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். போனைக் காதை விட்டு எடுக்காமல் முழுவதையும் கேட்டேன். கடையில் யாரும் இல்லை. கொஞ்சம் அழுதேன். திட்டுவதற்கு அவர் இருக்கிறார், அண்ணே.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அளவை நான் மேலே ஏற்ற மாட்டேன். முதலாளி கேட்டாலும் சரி, அறை அறையாகப் பெண்கள் வந்து கேட்டாலும் சரி, மதினியே கேட்டாலும் சரி. பத்துத் தடவையில் ஒன்பது வீணாக ஊதினாலும் ஊதட்டும். ஒவ்வொரு தடவையும் அவர் பஸ்ஸில் உட்கார்ந்து என்னைத் திட்டட்டும்.

மதினி போனை வைக்கும் வரை நான் வைக்க மாட்டேன்.

உன் தங்கச்சி,
மாரீஸ்வரி